முதலில் வாயிலைச் சோதியுங்கள்

மூட்டைச் சோதனை என்றால் என்னவென்று காரைக்கால்வாசிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நான்கு தலைமுறைகளாக அவர் பையைத் திறந்து காட்டிக்கொண்டே வந்திருக்கிறார். 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமான இச்சிறு நிலத்தை ஒரு புறம் கடலும் மற்றப் புறங்களில் தஞ்சை ஜில்லாவும் சூழ்ந்திருந்தன. பேச்சு ஒன்று, பயிர் ஒன்று, தெய்வம் ஒன்று. கொடி மட்டும் வேறு. அன்னிய ஆட்சிப் பகுதிகளிலிருந்து வரும் சரக்கைக் கண்காணிக்க 1924-ல் பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் நிலச் சுங்கச் சட்டம் இயற்றினார்கள். 1941-ல் சுங்க உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. 1949-ல் அது முடிவுற்றதும் வேலி மறுபடியும் இறுகிற்று. 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியான மாற்றமும் பூர்த்தியாயிற்று. கொடி போயிற்று, ஆனால் சோதனை போகவில்லை. இன்றைக்கும் வடக்கே நண்டலாற்றிலும் தெற்கே வாஞ்சூரிலும் பஸ்ஸை நிறுத்திப் பிரயாணிகளின் பைகளில் மதுப்புட்டி தேடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போகிற பாட்டியின் பட்டுப்புடவை மூட்டையும் பிரித்துப் பார்க்கப்படுகிறது. கடத்தலையே தொழிலாகக் கொண்டவனோ வரப்பு வழியே போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

ஆகையால், விளையாட்டரங்கங்களின் வாயில்களில் நடைபெறும் சோதனைகளைப் பற்றி அபிப்பிராயம் கூறக் காரைக்காலுக்கு வேறெந்த ஊருக்கும் குறையாத உரிமை உண்டென்று கருதுகிறோம். பல்லாயிரம் பேர் அமரக்கூடிய கால்பந்து அரங்கம் இங்கே இல்லை என்பது மெய்தான். எனினும் கடற்கரை மணலிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. பெரிய ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டால் அவர்கள் இரவெல்லாம் பிரயாணம் செய்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்கோ கொச்சிக்கோ போக வேண்டும். காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்ஸ் தேசத்திலும் உற்றார் உறவினர் இருக்கிறார்கள். பாரீஸில் ஒரு மைதானத்தின் வாயிலில் கூட்டம் நெருக்குகிறது என்ற செய்தி கேட்டு, இங்கே ஒரு தாய் தொலைபேசியை எடுத்து மகனை அழைப்பது அதிசயமன்று. ஆகவே இவ்விஷயம் நமக்குத் தூரத்து விஷயமாகாது.

நமது நாட்டுப் பெரிய மைதானங்கள் பலவற்றில் வாயில் எப்படி இருக்கிறதென்பதை வாசகர்கள் அறிவார்கள். கூலியில் மிச்சம் பிடித்து டிக்கட் வாங்கிய வாலிபன், வெயில் சாயுமுன் வரிசையில் நிற்கிறான். ஒருவர் டிக்கட்டைப் பார்க்கிறார். இன்னொருவர் உடம்பைத் தடவுகிறார். மூன்றாமவர் பையைக் கவிழ்க்கிறார். தண்ணீர்ப் புட்டி கூடாது, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொட்டலம் கூடாது, சில்லறைக் காசு கூடாது, தீப்பெட்டி கூடாது, செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பெட்டியும் கூடாது. “சரி, இவற்றை எங்கேயாவது வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால், “அதற்கு இங்கே இடமில்லை” என்பதே பெரும்பாலும் பதில். வாயிலருகே குவிந்து கிடக்கும் புட்டிகளும் பொட்டலங்களும், ஏழையின் பண்டத்துக்கு நமது அதிகாரிகள் வைத்திருக்கும் மதிப்பைக் காட்டும் மலையாக உயர்ந்து நிற்கின்றன. பின்னால் நிற்பவர்களோ, உள்ளே ஆட்டம் தொடங்கிய ஆரவாரத்தைக் கேட்டு முன்னால் நெருக்குகிறார்கள்.

சோதனையே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வோர் 2015 நவம்பர் 13-ந் தேதி இரவை மறந்தவர்களாவர். அன்று பாரீஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் பிரான்ஸும் ஜெர்மனியும் கால்பந்தாடிக்கொண்டிருந்தன. பல்லாயிரக்கணக்கான ஜனங்கள் உள்ளே இருந்தார்கள். பிரெஞ்சு ஜனாதிபதியும் இருந்தார். உடம்பில் வெடிகட்டிக்கொண்டு வந்த மூன்று கொலைகாரர்கள் அரங்கத்துக்குள் புக முடியாமல் வெளியிலேயே வெடித்துச் செத்தார்கள். அவர்களைத் தவிர அங்கே உயிரிழந்தவர் ஒருவர். அதே இரவில், சோதனை வாயிலில்லாத சிற்றுண்டிச் சாலைகளிலும் ஒரு சங்கீத மண்டபத்திலும் புகுந்த அவர்கள் கூட்டாளிகள் செய்த படுகொலையையும் சேர்த்துப் பாரீஸில் மாண்டவர் தொகை 130. மைதானத்தின் வாயிலில் காவல் இல்லாதிருந்தால் அந்தத் தொகை என்னவாயிருக்கும் என்பதை நினைக்கவும் நெஞ்சம் நடுங்குகிறது. அன்றிரவு வாயிலில் நின்ற காவலாளிகளுக்கு உலகம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தகைய காவலுக்காக நமது பையை நாமே மனமுவந்து திறந்து காட்டுவோம். அதில் யாதொரு மானக்குறைவும் இல்லை.

ஆனால் அதே மைதானம் ஏழு ஆண்டுகளுக்குள் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. 2022 மே 28-ந் தேதி அங்கே லிவர்பூல் அணிக்கும் ரியல் மாட்ரிட் அணிக்கும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். வெடிகுண்டுக்காரரைத் தேடும் சோதனையையும் போலி டிக்கட்டைத் தேடும் சோதனையையும் அதிகாரிகள் வெளிவட்டத்தில் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். ரயிலிறங்கி வந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஓர் ஒடுங்கிய பாதையில் அடைபட்டார்கள். பெண்டு பிள்ளைகளும் நாற்காலி வண்டியில் வந்த அங்கஹீனர்களும் மணிக்கணக்கில் நசுங்கினார்கள். போலீஸார் கண்ணீர்ப் புகை வீசினார்கள். ஆட்டம் அரைமணிக்கு மேல் தாமதித்தே ஆரம்பமாயிற்று. உடனே பிரெஞ்சு உள்நாட்டு மந்திரி, முப்பது நாற்பதாயிரம் பேர் போலி டிக்கட்டுடனோ டிக்கட் இல்லாமலோ வந்ததே காரணம் என்று பழியை ஜனங்கள் மீது போட்டார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமே நியமித்த சுயேச்சையான விசாரணைக் குழு 2023 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மந்திரி சொன்ன கணக்குக்கு அது ஆதாரம் காணவில்லை. பிரதான பொறுப்பு ஆட்டத்தை நடத்திய சங்கத்தினுடையதே என்று தீர்ப்புக் கூறியது. யாரும் சாகாமல் தப்பியதே ஆச்சரியம் என்பதும் அக்குழுவின் முடிவு.

ஒரே அரங்கம், ஒரே வாயில், ஒரே சோதனை. 2015-ல் அது உயிரைக் காத்தது. 2022-ல் அதுவே உயிரைக் குடிக்கப் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? சோதனை என்பது ஜனங்களைக் காப்பதற்கு ஒரு கருவி. கருவியை அளவறிந்து பிரயோகிக்காவிட்டால் அது காக்க வந்தவரையே வெட்டும். பையில் என்ன இருக்கிறதென்று பார்க்கும் அதிகாரி, தமது வாயில் எவ்வளவு அகலம், அதன் வழியே எவ்வளவு நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று முதலில் பார்த்தாரா? இதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கால்பந்து மைதானங்களின் துக்க சரித்திரத்தைப் புரட்டினால், பார்ப்போரின் பையிலிருந்து வந்த மரணத்தைவிட வாயிலிலும் வேலியிலும் படிக்கட்டிலும் இருந்து வந்த மரணமே மிக அதிகம் என்பது விளங்கும். 1989 ஏப்ரல் 15-ந் தேதி இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தின் ஒரு பக்கத்து வாயிலில் கூட்டம் தேங்கியது. அதைத் தளர்த்தப் போலீஸார் வேறொரு கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஏற்கெனவே நிறைந்திருந்த இரும்புவேலிக் கொட்டடிக்குள் ஜனங்கள் வெள்ளம்போல் பாய்ந்தார்கள். அந்த நெரிசலால் மாண்டவர்கள் 97 பேர். குடித்துவிட்டு வந்த ஜனங்களே குற்றவாளிகள் என்று போலீஸார் சொன்ன பொய் உடைய இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2016-ல்தான் ஜூரிகள், ஆட்டம் பார்க்க வந்தவர் மீது யாதொரு குற்றமும் இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பளித்தார்கள். 2022 அக்டோபர் 1-ந் தேதி ஜாவாத் தீவின் கஞ்சுருகான் மைதானத்திலோ 135 பேர் மாண்டார்கள். ஆட்டம் முடிந்து களத்தில் இறங்கிய கூட்டத்தைக் கலைக்கப் போலீஸார் கண்ணீர்ப் புகை வீசினார்கள். சர்வதேசக் கால்பந்துச் சங்கத்தின் விதிகளே மைதானத்துக்குள் அதைத் தடுக்கின்றன. புகைக்குத் தப்பி ஓடியவர்கள் ஒடுக்கமான, சரிவரத் திறக்கப்படாத வாயில்களில் ஒருவர்மேல் ஒருவராய் விழுந்து மூச்சடைத்தார்கள்.

நம் நாட்டின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டார்கள். அந்த நாளில் இன்றும் வங்காளத்தார் இரத்த தானம் செய்து அவர்களை நினைக்கிறார்கள். 2025 ஜூன் 4-ந் தேதி பெங்களூரில் சின்னசாமி மைதானத்தின் வாயில்களருகே 11 பேர் நசுங்கி இறந்தார்கள். அது கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டம். ஆட்டம் வேறானாலும் வாயில் ஒன்றே. சுமார் 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். அந்தப் பதினொருவரில் எவர் பையிலும் வெடிகுண்டு இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1973 முதல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டு வருகிறார்கள். ஒரு சுழல்வாயில் வழியே ஒரு மணி நேரத்தில் 660 பேருக்கு மேல் கணக்கிடலாகாது, வர வேண்டியவர் யாவரும் ஒரு மணிக்குள் உள்ளே வந்தாக வேண்டும் என்பன அதில் கண்ட அளவுகள். வாயில்கள் எத்தனை பேருக்கு இடங்கொடுக்குமோ அத்தனை டிக்கட்டே விற்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். நம் ஊர் வாயிலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் உடம்பையும் பையையும் சோதிக்க இருபது விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், ஒரு வரிசையில் மணிக்கு 180 பேர்தான் போகலாம். முப்பதாயிரம் பேர் ஒரு மணிக்குள் போவதற்கு 167 வரிசைகள் வேண்டும். இரண்டு மணி அவகாசம் கொடுத்தாலும் 84 வரிசைகள் வேண்டும். இந்தக் கணக்கை நாலாவது வகுப்புப் பிள்ளை போடுவான். அத்தனை வரிசைகளும் அத்தனை சோதனைக்காரர்களும் தமது மைதானத்தில் இருக்கிறார்களா என்று ஆட்டம் நடத்துவோர் ஜனங்களுக்குச் சொல்லட்டும். இல்லையேல், ஒன்று வரிசைகளைக் கூட்டட்டும். அல்லது டிக்கட்டைக் குறைக்கட்டும். இரண்டும் செய்யாமல் சோதனையை மட்டும் கூட்டுவது, மதகைச் சாத்திவிட்டு ஆற்றைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். அதன் பலன் என்னவென்று டெல்டாவாசிகளாகிய நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, சோதனைக்காரர் எதைத் தேடுகிறார் என்பதைக் கவனிப்போம். கத்தியையும் வெடியையும் தேடுவதில் ஆக்ஷேபணை சொல்பவர் யார்? தண்ணீரைத் தேடுவதற்கு மட்டும் நாம் நியாயம் காணவில்லை. புட்டியை வீசுவார்கள் என்று காரணம் கூறுகிறார்கள். அப்படியானால் உள்ளே கடையில் விற்கும் புட்டி வீசப்படாதா? வெளியிலிருந்து வரும் தண்ணீர் ஆபத்து, உள்ளே பல மடங்கு விலைக்கு விற்கும் தண்ணீர் மட்டும் சாதுவா? இது பந்தோபஸ்து என்ற பெயரில் நடக்கும் வியாபாரம். 2024 அக்டோபர் 6-ந் தேதி சென்னைக் கடற்கரையில் விமான சாகசம் பார்க்கப் போன ஐந்து பேர் வெயிலில் மாண்டதை நாம் கண்டோம். நம் நாட்டு வெயிலில் கூட்டத்திடமிருந்து தண்ணீரைப் பிடுங்குவது பாதுகாப்பாகாது. சினிமாக் கொட்டகைகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் நல்ல குடிதண்ணீரை இலவசமாய்க் கொடுத்தாக வேண்டும் என்று 2023 ஜனவரி 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் கூறினார்கள். நிழலில் மின்விசிறியின்கீழ் உட்காருகிறவனுக்குள்ள உரிமை, திறந்த மைதானத்தில் வேர்த்து விறுவிறுக்கிறவனுக்கு இல்லாமற் போகுமா?

இதனினும் கேடானது அபிப்பிராயத்தைத் தேடும் சோதனை. 2020 ஜனவரி 5-ந் தேதி கௌஹாத்தியில் இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடவிருந்த மைதானத்துக்குள் விளம்பர அட்டைகளும் எழுதும் மார்க்கர் பேனாக்களும் கொண்டுவரக்கூடாதென்று தடை விதித்தார்கள். அஸ்ஸாமில் அப்போது குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. பேனா யாரைக் குத்தும்? அதே ஆண்டு, அதே தேதியை ஒட்டிய நாட்களில், 19-ந் தேதி கல்கத்தாக் கால்பந்து மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அதே விஷயத்தைப் பற்றிப் பெரிய பதாகையை விரித்தார்கள். தேசம் இடிந்துவிடவில்லை. நமது சென்னையிலும் 2025 ஜனவரி 5-ந் தேதி முதல் மந்திரி கலந்துகொண்ட சிந்துவெளி நூற்றாண்டு விழாவுக்கு வந்த மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாக்கள் வாயிலில் வாங்கி வைக்கப்பட்டன. எந்தக் கட்சியின் ஆட்சியானாலும் சோதனை மேஜைக்கு இந்தச் சபலம் உண்டு. உயிரைக் காக்கக் கொடுத்த அதிகாரம், அதிகாரத்தைக் காக்கப் பயன்படுகிறது.

இப்படிப்பட்ட சோதனை பலனாவது தருகிறதா? 2018 ஏப்ரல் 10-ந் தேதியைக் காரைக்கால்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். காவேரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய ஏழு டி.எம்.சி. தண்ணீர் இந்தக் கடைமடைக்கு உரியது. அதை 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டார் அப்படியே நிலைநிறுத்தினார்கள். அத்தீர்ப்பை நிறைவேற்றும் அமைப்பை ஏற்படுத்த மத்திய சர்க்கார் காலங்கடத்தியதால் தமிழ்நாடெங்கும் கொந்தளிப்பு. அந்நிலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பந்தயம் நடந்தது. ஆயிரக்கணக்கான போலீஸார் காவல், வாயில்தோறும் சோதனை. ஆயினும் ஆட்டத்தின் நடுவே களத்தில் பாதரட்சை வந்து விழுந்தது. பையைச் சோதித்தார்கள், காலில் போட்டு வந்ததை எப்படிப் பறிப்பது? விளையாடுவோர் மீது பாதரட்சை வீசுவதை நாம் ஆதரிக்கவில்லை. அது பண்புள்ள செயலாகாது. ஆனால் ஜனங்களின் மனத்தாங்கலை வாயிலில் பிடித்து நிறுத்த முடியாதென்பதை அந்தப் பாதரட்சை மெய்ப்பித்தது. மிஞ்சிய சென்னைப் பந்தயங்கள் புனாவுக்கு மாற்றப்பட்டன. காவேரி மேலாண்மை ஆணையம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஏற்பட்டது. குறையைத் தீர்ப்பது சோதனையைவிடச் சிறந்த பந்தோபஸ்து.

கால்பந்து ரசிகர்கள் இதை இன்னும் அழகாக எடுத்துக்காட்டினார்கள். 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கிற்று. அம்மாதம் 18-ந் தேதி நடக்கவிருந்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்புக் காரணங்களால் ரத்து செய்யப்பட்டது. ஒரு நூற்றாண்டாக ஒருவரையொருவர் எதிர்த்துக் கோஷமிட்டு வந்த இரு கூட்டத்தாரும் பூட்டிய மைதானத்தின் வெளியே தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள். உள்ளே விட்டிருந்தால் ஆளுக்கொரு மூலையில் இருந்திருப்பார்கள். கதவைச் சாத்தியதால் ஒன்றானார்கள். அதிகாரிகள் எதை அபாயம் என்று பயந்தார்களோ, அதுவே அன்று மைதானத்தின் புகழாயிற்று.

சோதிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைது செய்யப்பட்ட பெண்ணைச் சோதிக்க நேர்ந்தால் மற்றொரு பெண்ணே, கண்ணியத்துக்குச் சிறிதும் பங்கமின்றிச் சோதிக்க வேண்டும் என்று நமது குற்றவியல் நடைமுறைச் சட்டம் நெடுங்காலமாகக் கூறி வருகிறது. 2023-ல் இயற்றிய புதிய சட்டமும் அதையே கூறுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவளுக்குள்ள மரியாதை டிக்கட் வாங்கி வந்த சகோதரிக்கு இல்லையென்றால் எப்படி? பல மைதானங்களில் பெண்களுக்கு வரிசை குறைவு. மறைவிடம் என்று ஒரு துணித் திரை. மாதாந்தரத் தேவைக்கான பொருளையும், குழந்தையின் பால் புட்டியையும், சர்க்கரை வியாதிக்காரரின் ஊசியையும் சந்தியில் எடுத்துக் காட்டச் சொல்வது எந்த நாகரிகம்? வாயிலில் நிற்பவர் பெரும்பாலும் தனியார் கம்பெனியின் கூலிக்காரர். அவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. மணிக்கணக்கில் நின்றபடி ஆயிரம் பேரைத் தடவும் அவரை நாம் குற்றஞ்சொல்ல வரவில்லை. அவருக்குச் சரியான பயிற்சி கொடாமல், எது கூடும் எது கூடாதென்று தெளிவாய் எழுதிக் கொடாமல் நிறுத்திய எஜமானரையே கேட்கிறோம். 2017 ஆகஸ்டு 24-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் சர்க்கார் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், அவசியம் இருக்க வேண்டும், அளவு இருக்க வேண்டும் என்றார்கள். அந்த உரிமை மைதானத்தின் வாயிலில் கழற்றி வைக்கும் செருப்பல்ல.

“நம் ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியாது, கடுமை காட்டாவிட்டால் ரகளை செய்வார்கள்” என்று சிலர் சொல்லுகிறார்கள். அன்னிய ஆட்சியாளர் நம்மைப் பற்றிச் சொல்லி வந்த வசனமே இது. இன்று நம்மவர் வாயிலிருந்து வருவதுதான் வருத்தம். ஹில்ஸ்பரோவில் வெள்ளைக்காரத் தொழிலாளிகளைப் பற்றியும் இதையே சொன்னார்கள், பாரீஸிலும் இதையே சொன்னார்கள், இரண்டும் பொய்யாயின. 2025 டிசம்பர் 13-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்தவர்கள், அவர் முகத்தையும் சரியாகப் பார்க்காமல், சொற்ப நேரத்தில் அவர் போய்விட்டதைக் கண்டு நாற்காலிகளைப் பெயர்த்தெறிந்தார்கள். அவர்கள் செய்தது தவறு. ஆனால் எறியப்பட்ட நாற்காலி எவர் பையிலும் வரவில்லையே! பிரமுகர்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஜனங்களின் கண்ணை மறைத்தார்கள் என்பதே அவர்கள் கோபம். ஏமாற்றத்தை உள்ளே தயாரித்து வைத்துவிட்டு, வெளியே பையைத் தேடிப் பயனென்ன? ஒழுங்கைப் பற்றிய பேச்சுக்கு நமது திருநள்ளாறே பதில். 2023 டிசம்பர் 20-ந் தேதி சனிப்பெயர்ச்சிக்குத் திரண்ட ஜனசமுத்திரத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். எங்கே நிற்பது, எவ்வழியே போவது, எவ்வழியே வெளியேறுவது என்று தெரிந்துவிட்டால், கையில் குழந்தையோடு மணிக்கணக்கில் பொறுமையாய் நிற்கும் ஜனங்கள் நம்முடையவர்கள். வழி தெரியாதபோதுதான் கூட்டம் மந்தையாகிறது. அந்த வழியைக் காட்டுவது அதிகாரிகளின் வேலை.

ஆகவே சர்க்காரையும் கால்பந்துச் சங்கங்களையும் நாம் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் முன்னால், வாயில்கள் எத்தனை, சோதனை வரிசைகள் எத்தனை, ஒரு மணியில் எத்தனை பேர் உள்ளே போகலாம் என்ற கணக்கை ஆட்டம் நடத்துவோர் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அக்கணக்குக்கு மிஞ்சி டிக்கட் விற்பதைக் குற்றமாக்க வேண்டும். டிக்கட் பார்க்கும் இடமும் பை பார்க்கும் இடமும் ஒன்றாய்ச் சேரலாகாது. தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் டிக்கட்டிலேயே தமிழில் அச்சாக வேண்டும். அதில் உயிருக்கு ஆபத்தான பொருள்களே இருக்க வேண்டும். துணியின் நிறமும் எழுத்தும் பேனாவும் அப்பட்டியலில் தலை காட்டக்கூடாது. கொண்டுவரக்கூடாத பொருளை வைத்துப் போக இலவச இடம் வேண்டும். உள்ளே இலவசத் தண்ணீர் வேண்டும். பெண்களுக்குப் போதிய வரிசையும் மறைவிடமும் வேண்டும். ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு வெளிவாயிலிலும் கதவு திறக்க ஓர் ஆள் நின்றுகொண்டேயிருக்க வேண்டும். விபரீதம் நேர்ந்தால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் வாயிலுக்குப் பொறுப்பானவர். செத்தவர்களைக் குற்றவாளிகளாக்கும் அறிக்கையை ஒருநாளும் ஏற்கலாகாது. இவற்றில் எதற்கும் விஞ்ஞான அதிசயம் தேவையில்லை. ஜனங்களை மனிதர்களாக எண்ணும் மனம் ஒன்றே தேவை.

அன்னியன் எல்லையில் நின்று நம் மூட்டையைப் பிரித்தபோது, அவன் பார்வையில் நாம் கள்ளர்களாயிருந்தோம். சுயராஜ்ய சர்க்காரின் வாயிலில் பையைத் திறக்கும்போது, நாம் காக்கப்பட வேண்டியவர்கள் என்ற எண்ணம் எதிரே நிற்பவர் கண்ணில் தெரிய வேண்டும். சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பார்வையில்தான் அடிமை நாட்டுக்கும் சுதந்திர நாட்டுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. காரைக்காலிலிருந்து இரவெல்லாம் கண்விழித்து ஆட்டம் பார்க்கப் போகும் பிள்ளை, வாயிலில் தன் பையைக் காட்டத் தயாராயிருக்கிறான். அவன் போன வாயில் வழியே உயிரோடு திரும்பி வருவான் என்று அவன் தாய்க்கு உறுதி கூற அதிகாரிகள் தயாராயிருக்கிறார்களா? அந்த உறுதியைத் தருவதற்கு, பையைத் தொடுமுன் வாயிலைச் சோதிக்கட்டும்.